ஏற்காடு ஏரியில் ஓடும் படகின் புரொப்பல்லர் அதிர்ந்தால் என்ன செய்வது?

ஏற்காடு ஏரியில் ஓடும் மோட்டார் படகு வேகமெடுக்கும்போது அதிர்கிறது, அதன் அலுமினிய புரொப்பல்லரைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளிம்பில் சிறு வெட்டு மட்டுமே இருந்தால், எல்லா இதழ்களும் ஒரே வடிவில் அமையும்படி அரத்தால் ராவிக்கொள்ளலாம். ஆனால் வளைந்த இதழைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டாம். வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பின்னொரு நாள் நடு ஏரியில் அது ஒடிந்துவிடக்கூடும். இதழின் அடியில் விரிசல் கண்டால் புதியது வாங்குவதே சரி.

இதழைவிட நான் அதிகம் அஞ்சுவது தூண்டில் நரம்புக்குத்தான். அது புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு, கியர் பெட்டிக்குள் நீர் புகாமல் காக்கும் ஆயில் சீல் என்ற வளையத்தை அறுத்துவிட்டால், நீர் உள்ளே புகுந்து கியர் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கியர்கள் துருப்பிடித்துத் தேயும். ஆகவே அவ்வப்போது, எஞ்சின் தற்செயலாக இயங்காதபடி ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லரை உருவி, நரம்பையும் பாசியையும் அகற்றுங்கள். பின்னர் தண்டின் பற்களில் நீரில் கரையாத கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடித்துவைக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். தண்டே வளைந்திருக்கிறதா என்பதைச் சேலத்தில் ஒரு நல்ல லேத் பட்டறையில் சிறு வளைவையும் அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறனும் குறைகிறது. எனவே மேட்டூர் அணை நீரில் நன்றாக ஓடிய புரொப்பல்லர், இங்கே எஞ்சினை முழுச் சுழற்சிக்கு எட்டவிடாமல் திணறச் செய்யலாம். அப்போது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய கணக்குத் தூரம், ஓரிரு அங்குலம் குறைந்ததைப் பொருத்திப் பாருங்கள்.