இலைக்கு மேலே கை நீட்டினால்...
சர்வர் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் மார்ச் முடிந்ததும் இன்வாய்ஸ் வரிகள் (லைன்கள்) அத்தனையையும் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலாக) எடுக்க வேண்டும். சுமார் 20 லட்சம் வரிகள். நோட்ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) ரைட் ஸ்ட்ரீம் (ஃபைலில் துண்டு துண்டாக எழுதும் வழி) திறந்து, ஃபார் லூப்பில் ஒவ்வொரு வரியாக எழுதுகிறேன். ஸ்ட்ரீம் போட்டால் மெமரி குறையும் என்றார்கள். பாதியில் ‘ஹீப் அவுட் ஆஃப் மெமரி’ என்று செத்துப்போகிறது. மெமரி வரம்பை 8 ஜிபிக்கு ஏற்றிவிட்டேன், இப்போது ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: விடாதீர்கள். அடுத்த மார்ச்சில் 30 லட்சம் வரி வரும், அப்போது 12 ஜிபி கேட்டு நிற்பீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். லூப் ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள். உங்கள் லூப்பில் இடையே அவெய்ட் (ஒரு வேலை முடியும்வரை காத்திருந்து, மற்றவற்றுக்கு வழிவிடும் கட்டளை) எதுவும் இல்லையென்றால், 0 பைட் என்றுதான் காட்டும். லூப் முடியும்வரை ஓர் எழுத்துகூட டிஸ்க்குக்குப் போகாது. நோட் உங்கள் ஜாவாஸ்கிரிப்டை ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஓட்டத்தில்) ஓட்டுகிறது. ஃபைலைத் திறக்கும் வேலை பின்னால் வேறொரு த்ரெட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. “திறந்தாச்சு” என்று சொல்ல வந்து வாசலில் நிற்கிறது. லூப் வழிவிட்டால்தானே உள்ளே வர முடியும்! அதுவரை நீங்கள் எழுதிய வரிகளெல்லாம் மெமரியில் குவிகின்றன. வரிக்கு 200 பைட் என்று வைத்தாலும் 400 எம்பி. போதாததற்கு, ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு பஃபர் (பைட்களை வைக்கும் மெமரித் துண்டு), அதைக் கவனிக்கும் சில்லறைச் சாமான்கள். இதற்கெல்லாம் முன்னால் டேட்டாபேஸிலிருந்து மொத்தத்தையும் ஒரு அர்ரேயில் அள்ளிவைத்தீர்களே, அது வேறு.

ஸ்ட்ரீம் உங்களை எச்சரிக்காமல் இல்லை. ரைட் என்ற எழுதும் கட்டளை ஒவ்வொரு முறையும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று ஒரு பதில் தருகிறது. அதை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவருக்கு, சாப்பிடுகிறவர் இலைக்கு மேலே கையை நீட்டுவார். அந்தக் கைதான் ஃபால்ஸ். உள்ளே தேங்கியது ஹைவாட்டர்மார்க் என்ற அளவைத் தொட்டதும் கை நீளும். இந்த அளவு நெடுங்காலம் 16 கேபியாக இருந்தது. 2024இல் வந்த நோட்டின் 22ஆம் பதிப்பில் 64 கேபி ஆக்கினார்கள். 16 கேபி என்றால் உங்கள் 82ஆவது வரியிலேயே கை நீட்டியாயிற்று. நீங்கள் மிச்சமிருக்கும் 19 லட்சத்துச் சொச்சத்தையும் ஊற்றிக்கொண்டே போகிறீர்கள்.

இங்கே நானே வழுக்கி விழுந்த ஓர் இடம் உண்டு. பல வருடம் முன்பு, ஃபால்ஸ் என்றால் “இந்த வரியை வாங்கிக்கொள்ளவில்லை” என்று புரிந்துகொண்டேன். ட்ரெயின் நிகழ்வு (தேங்கியது வடிந்துவிட்டது என்று ஸ்ட்ரீம் தரும் சேதி) வரும்வரை காத்திருந்து அதே வரியை மறுபடி எழுதினேன். மெமரி அழகாக இருந்தது, வேகமும் நன்றாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளரின் கணக்குப்பிள்ளை, கூட்டுத்தொகை ஒரு சதவீதத்துக்கு மேல் அதிகமாக வருகிறது என்று பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். ஏறக்குறைய எண்பது வரிக்கு ஒன்று இரட்டிப்பாகியிருந்தது. கை நீட்டும் முன் விழுந்த கரண்டி சாம்பார் இலையில்தான் கிடக்கிறது, ஐயா. அடுத்த கரண்டிக்குத்தான் “இருங்கள்” என்று அர்த்தம்.

ஆகவே லூப்பை அசிங்க் ஃபங்ஷனுக்குள் வைத்து, ரைட் ஃபால்ஸ் சொன்னால் ட்ரெயின் வரும்வரை அவெய்ட் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். டேட்டாபேஸிலிருந்தும் கர்சர் (முடிவுகளைச் சிறு சிறு தொகுதியாகத் தரும் வசதி) வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இது செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் பாதிக் கிணறுதான். அப்புறம், வரிவரியாக எழுதாமல் 500 வரிகளை ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்து எழுதினால் 20 லட்சம் ரைட் 4,000 ஆகிவிடும். ஒவ்வொரு ரைட்டுக்கும் ஒரு நிர்வாகச் செலவு உண்டு. தேங்கிய துண்டுகளை ஃபைல் ஸ்ட்ரீம் தானே சேர்த்து ஒரே மூச்சில் எழுதப் பார்க்கும் என்றாலும், அந்தத் துண்டுகளை உண்டாக்கிய செலவு உண்டாக்கியதுதான்.

கர்சரே ஒரு ரீட் ஸ்ட்ரீமாகக் கிடைத்தால் இந்தக் கைவேலை எதுவும் வேண்டாம், படிப்பதையும் எழுதுவதையும் இணைத்துவிடும் பைப்லைன் போட்டுவிடுங்கள். 2018இல் 10ஆம் பதிப்போடு வந்தது. பழைய பைப்பும் கையைப் பார்த்துத்தான் ஊற்றும். ஆனால் படிக்கும் பக்கம் பிழை வந்தால் எழுதும் பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டுப் போய்விடும். புதிதாக எழுதும் கோடில் பைப்பைப் பார்த்தால் நான் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அப்பெண்ட்ஃபைல்சிங்க் (ஃபைலின் கடைசியில் எழுதி, முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் கட்டளை) வைத்து லாக் (நடந்ததைப் பதியும் குறிப்பு) எழுதினோம், கூட்டம் ஏறினால் சர்வர் திணறியது. சிங்க்கை எடுத்துவிட்டு, அவெய்ட் இல்லாமல் விட்டோம். இப்போது வரிகள் முன்னுக்குப் பின் மாறி விழுகின்றன. (மதுரை வாசகர்)

பதில்: சிங்க் இருந்தவரை, ஒருவருடைய லாக் வரி எழுதப்படும்வரை மற்ற எல்லாரும் காத்திருந்தார்கள். எடுத்தபின் வேலை பின்னணி த்ரெட்களுக்குப் போகிறது. நீங்கள் மாற்றாதவரை அவை 4. நான்கு பேரிடம் நான்கு கடிதம் கொடுத்தால் எது முதலில் போய்ச் சேரும் என்று யார் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு அப்பெண்டும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடுகிறது. சர்வர் கிளம்பும்போது அப்பெண்ட் முறையில் ஒரே ஒரு ரைட் ஸ்ட்ரீம் திறந்து, கடைசிவரை அதிலேயே எழுதுங்கள். ஒரே ஸ்ட்ரீமில் வரிசை மாறாது. த்ரெட் எண்ணிக்கையை ஏற்றுவது இதற்கு மருந்தல்ல. இன்னும் அதிகமாகத்தான் கலையும்.

கேள்வி: பழைய தமிழ் நூல்களின் டெக்ஸ்ட் ஃபைல்களை ஸ்ட்ரீமில் படித்து, திருத்தி, வேறு ஃபைலில் எழுதுகிறேன். அங்கங்கே எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வருகிறது. ஆங்கில ஃபைலில் வரவில்லை. சின்னத் தமிழ் ஃபைலிலும் வரவில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, ஆக 15 பைட். ஃபைலைப் படிக்கும் ஸ்ட்ரீம் ஒரு துண்டுக்கு 64 கேபி, அதாவது 65,536 பைட் வெட்டித் தருகிறது. அதை 3ஆல் வகுத்தால் மீதி 1. இடைவெளியே இல்லாத தமிழ் என்றால் முதல் துண்டிலேயே கடைசி எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம், இரண்டு பங்கு அந்தப் பக்கம். இடைவெளிக்கும் வரி முறிவுக்கும் ஒற்றை பைட் என்பதால் உங்கள் ஃபைலில் சில வெட்டுகள் தப்பித்திருக்கும். சின்ன ஃபைல் ஒரே துண்டில் அடங்கிவிடுவதால் வெட்டே இல்லை. நீங்கள் துண்டு வந்த உடனே அதைத் தனியாக ஸ்ட்ரிங் ஆக்குகிறீர்கள், அரை எழுத்து வைரமாகிறது.

படிக்கும் ஸ்ட்ரீமுக்கு செட்என்கோடிங் வைத்து யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். அரைகுறை பைட்டைக் கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும். இன்னொன்றும் உண்டு. இது குறியைத்தான் காப்பாற்றும், எழுத்தை அல்ல. ‘மி’யின் மகரம் ஒரு துண்டிலும் இகரக் குறி அடுத்ததிலும் விழலாம். அப்படியே எழுதினால் ஒன்றும் ஆகாது. துண்டுக்குள் சொல் தேடி மாற்றுகிறீர்கள் என்றால் வெட்டில் விழுந்த சொல் தப்பிவிடும். ரீட்லைன் வைத்து வரிவரியாகத் திருத்துங்கள்.

கேள்வி: ரைட் ஸ்ட்ரீமின் ஃபினிஷ் நிகழ்வு வந்ததும் “ரிப்போர்ட் தயார்” என்று மெயில் போகிறது. ஒருநாள் சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. வந்து பார்த்தால் ஃபைல் காலி. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஃபினிஷ் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்தாயிற்று என்று மட்டும்தான். அது தன் மெமரியில் வைத்திருந்து, சௌகரியப்படும்போது டிஸ்க்கில் இறக்கும். நோட்டின் 20.10 பதிப்பிலிருந்து ரைட் ஸ்ட்ரீமில் ஃப்ளஷ் என்றொரு விருப்பம் இருக்கிறது. அதை ட்ரூ ஆக்கினால் ஃபைலை மூடும்முன் டிஸ்க்கில் இறக்கச் சொல்லும். கொஞ்சம் தாமதமாகும், ரிப்போர்ட்டுக்குப் பரவாயில்லை. மெயிலை மட்டும் ஃபினிஷுக்குப் பதில் க்ளோஸ் (ஃபைலை மூடியாயிற்று என்ற நிகழ்வு) வந்தபிறகு அனுப்புங்கள்.