தேங்காய் விழுந்து சன்ரூஃப் உடைந்தது: க்ளெய்ம் போடலாமா, என்.சி.பி.யைக் காப்பாற்றலாமா?

கேள்வி: என் காருக்கு இன்னும் இரண்டு மாதத்தில் நான்கு வருடம் முடிகிறது. 1,497 சி.சி. பெட்ரோல், கம்பெனியிலேயே பொருத்தி வந்த பனோரமிக் சன்ரூஃப். போன வாரம் காற்றடித்த இரவில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து சன்ரூஃபின் முன்பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் 48,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள் (கண்ணாடி 38,500, ரப்பர் பீடிங் 3,500, லேபர் 6,000). இதுவரை ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. இப்போது 35% என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்கிறது, அடுத்த ரினியூவலில் 45% ஆகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) எடுக்கவில்லை. "என்.சி.பி.யை விட்டுவிடாதே, கிரெடிட் கார்டில் ஈ.எம்.ஐ. போட்டுக் கட்டிவிடு" என்கிறார் மைத்துனர். "தேங்காய் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தராது, லாரியிலிருந்து கல் தெறித்தது என்று எழுது" என்கிறார் நண்பர். பக்கத்து வீட்டுக்காரர் 5,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: க்ளெய்ம் போடுங்கள். கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யும் வேண்டாம், கல் கதையும் வேண்டாம். கையிலிருந்து கட்டுவதைவிட, க்ளெய்ம் போட்டால் உங்களுக்கு 28,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். அந்தக் கணக்கை விளக்குகிறேன். அதற்குமுன் அவசரமான ஒரு விஷயம்.

அந்தக் காரை ஓட்டாதீர்கள். கண்ணாடி நொறுங்கியது என்று எழுதியிருப்பதால், அது டெம்பர்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். முன்பக்க விண்ட்ஷீல்டு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அதனால் விரிசல் விட்டாலும் இடத்தைவிட்டு அசையாது. டெம்பர்டு கண்ணாடி கற்கண்டுத் துண்டுகள்போலச் சிதறும். பாதி விழுந்து பாதி பிரேமில் நின்றுகொண்டிருந்தால், அடுத்த குழியில் கார் குலுங்கும்போது அதுவும் தலையில் கொட்டும். உள்ளே வெயிலை மறைக்கும் திரையான ஷேடையும் திறந்து மூடிப் பார்க்காதீர்கள். துணி மடிப்பிலும் சன்ரூஃப் நகரும் தண்டவாளத்திலும் சிக்கியிருக்கும் துகள்கள் மோட்டாரையும் கேபிளையும் கெடுத்துவிடும்.

இதில் பண விஷயமும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால் அந்தக் கூடுதல் சேதம் உங்கள் பொறுப்பு என்று வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனையிலேயே இருக்கிறது. தார்ப்பாய் போடாமல் விட்டு, மழைநீர் இறங்கி சீட்டும் ஒயரிங்கும் கெட்டாலும் இதே பேச்சுதான் வரும். எனவே நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டு, தார்ப்பாயால் மூடி, டோ செய்து அனுப்புங்கள். டோ செய்யும் செலவில் 1,500 ரூபாய் வரை பேக்கேஜ் பாலிசியிலேயே (சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் பாலிசி) கிடைக்கும். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அதுவும் தேவைப்படாது.

இப்போது கம்பெனி எவ்வளவு தரும் என்று பார்ப்போம். ஜீரோ டெப் இல்லையென்றால் பாதிப் பணம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கண்ணாடியைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை. வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள், ஃபைபர் பாகங்களுக்கு 30%. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள், உங்கள் காரின் வயதுக்கு அது 25%. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. காருக்கு எத்தனை வயதானாலும் சரி.

ஆகவே கண்ணாடி 38,500 ரூபாய் முழுதாக வரும். பீடிங்கில் பாதி, 1,750. லேபர் 6,000. மொத்தம் 46,250 ரூபாய். இதில் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்றால் 2,000 போயிருக்கும். கம்பெனி தருவது 45,250, உங்கள் கையிலிருந்து 2,750. பசை, சீலன்ட் போன்றவற்றைத் தனியாக பில் போட்டால், கன்ஸ்யூமபிள்ஸ் கவர் இல்லாத பாலிசியில் அதையும் நீங்களே தரவேண்டி வரலாம். பிரீமியத்தைக் குறைக்க முன்பு வாலன்டரி டிடக்டிபிள் (ஒவ்வொரு க்ளெய்மிலும் இவ்வளவு நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் தொகை) ஏதாவது தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தொகையும் கழியும். 5,000 என்று தேர்ந்தெடுத்திருந்தால், கட்டாயக் கழிவோடு சேர்த்து 6,000 போகும். பாலிசி ஷெட்யூலின் முதல் பக்கத்தில் இது இருக்கும், இன்றே பாருங்கள்.

அடுத்து, மைத்துனர் காப்பாற்றச் சொல்லும் என்.சி.பி. அதன் விலை என்ன என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. '45% போய்விடும்' என்ற பேச்சே ஆளைப் பயமுறுத்திவிடுகிறது. எதில் 45% என்று கேட்க வேண்டும். மொத்த பிரீமியத்தில் அல்ல, உங்கள் காரின் சேதத்துக்காகக் கட்டும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும். பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்காகக் கட்டும் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கும் என்.சி.பி.க்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் பாலிசியில் என்.சி.பி. கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த ரினியூவலில் 45%, அதற்கடுத்த வருடத்திலிருந்து 50%. அதற்குமேல் ஏறாது. க்ளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம், பிறகு வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று மறுபடி ஏறும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் முதல் வருடம் 45%, இரண்டாம் வருடம் 30%, பிறகு 25%, 15%, 5%. ஆறாவது ரினியூவலில் இரண்டு பாதையும் 50 சதவிகிதத்தில் சந்தித்துவிடும். கூட்டினால் 120%. அதாவது 12,000 ரூபாய்க்கு 14,400. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 16,992 ரூபாய். இதுவும் ஐந்து வருடத்தில் பரவலாகப் போகிற பணம். கார் பழசாக ஆக ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) இறங்கும், ஓன் டேமேஜ் பிரீமியமும் பெரும்பாலும் இறங்கும், எனவே உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வருவது 45,250, போவது அதிகபட்சம் 16,992. வித்தியாசம் 28,258 ரூபாய். இதற்குப் பிறகும் என்.சி.பி.யைக் கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. நான்கு வருடமாகப் பிரீமியம் கட்டியது இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான்.

மற்ற வாசகர்களும் தங்கள் பாலிசியை வைத்து இதே கணக்கைப் போடலாம். அடுத்த ரினியூவலில் 50% வாங்கப்போகிறவர் க்ளெய்ம் போட்டால் இழப்பது அவருடைய ஓன் டேமேஜ் பிரீமியத்தைப்போல் 1.25 மடங்கு. முதல் வருடப் பாலிசியில் இருப்பவருக்கு வெறும் அரை மடங்கு. கம்பெனி தரப்போகும் தொகை இதைவிடக் குறைவு என்றால் கையிலிருந்து கட்டிவிடுவது நல்லது. பம்பரில் சிறு கீறல், சைடு மிரர் உடைந்தது போன்றவற்றில் பெரும்பாலும் அப்படித்தான் விடை வரும். ஒன்றுமட்டும் கவனியுங்கள். என்.சி.பி. காருக்குச் சொந்தமானது அல்ல, உரிமையாளருக்குச் சொந்தமானது. இந்தக் காரை விற்றுவிட்டு சீக்கிரமே பெரிய கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தப் புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும், இழப்பு கூடும். உங்கள் பாலிசியில் என்.சி.பி. ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அதன் நிபந்தனைக்கு உட்பட்டு, க்ளெய்ம் போட்டும் என்.சி.பி. நிற்கும், இந்த யோசனைக்கே வேலையில்லை.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி. தேங்காய் விழுந்தால் பணம் வராது என்பது தவறு. வெளியிலிருந்து தற்செயலாக வந்த எந்தத் தாக்குதலும் பாலிசியில் உண்டு, நிறுத்தி வைத்த கார்மேல் காய் விழுந்தாலும் அதற்குள்தான் வரும். புயலும் சூறைக்காற்றும் தனியாகவே பட்டியலில் இருக்கின்றன. வராதது எது என்றால், தேய்மானமும் இயந்திரக் கோளாறும். சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்துத் தண்ணீர் ஒழுகினால் அதற்குத் தரமாட்டார்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய சன்ரூஃபைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் அதற்கும் சிக்கல் வரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. நேர்மையாகச் சொன்னாலே கிடைக்கிற பணத்துக்கு எதற்குப் பொய்?

அந்தப் பொய் நிற்கவும் செய்யாது. லாரிக் கல் என்றால் ஓட்டியது யார், எந்த ரோடு, எத்தனை மணி என்று கேட்பார்கள், லைசென்ஸ் கேட்பார்கள். மேலிருந்து கனமாக விழுந்த பொருளின் அடி, கூரைத் தகட்டு விளிம்பில் நசுங்கலாகத் தெரியலாம். சொன்னதும் பார்த்ததும் ஒத்துவராவிட்டால், முழு க்ளெய்மும் நிராகரிக்கப்படலாம். க்ளெய்ம் ஃபாரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 'இரவு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபோது பக்கத்துத் தென்னையிலிருந்து காய் விழுந்து உடைந்தது' என்றால் போதும். அந்தத் தேங்காயும் மரமும் காரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ இருந்தால் நல்லது. யாருக்கும் காயம் இல்லாததால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது.

ஒரு வாரம் ஆகிவிட்டதே என்றால், இனியும் தள்ளாதீர்கள். இன்றே டோல்ஃப்ரீ எண்ணிலோ ஆப்பிலோ பதிவு செய்து க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள். உண்மையான க்ளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ளக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ரினியூவலுக்குப் பிறகு புதுப் பாலிசியில் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், விபத்து நடந்த தேதியில் இருந்த பாலிசிதான் பொறுப்பு. அதேபோல, க்ளெய்ம் வாங்கிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறி 45% என்.சி.பி. கேட்பதும் ஆபத்து. பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பாதுகாப்பே பறிபோகும்.

ரிப்பேரை இப்போது தொடங்க வேண்டாம். கம்பெனி பார்த்து ஒப்புதல் தரட்டும். 50,000 ரூபாய்க்குக் குறைந்த மோட்டார் க்ளெய்முக்கு சேதத்தை மதிப்பிட லைசென்ஸ் பெற்ற சர்வேயர்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, போன் வீடியோவிலேயே பார்த்து முடிப்பதும் உண்டு. அப்படிப் பார்த்தால் கூரைத் தகட்டின் விளிம்பு, தண்டவாளம், ஷேடு மூன்றையும் நீங்களே கேட்டுக் காட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகு தண்டவாளம் வளைந்திருப்பது தெரிந்தால், மாற்றுவதற்கு முன்பே சப்ளிமெண்டரி எஸ்டிமேட் அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். பழைய கீறல்களை இதில் சேர்த்துவிடலாம் என்று சர்வீஸ் சென்டரில் ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேஷ்லெஸ் வசதி (கம்பெனியே கராஜுக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) உள்ள கராஜ் என்றால் நீங்கள் 2,750 ரூபாய் மட்டும் கட்டி வண்டியை எடுக்கலாம், கடனுக்கு இடமே இல்லை. மைத்துனர் சொன்னபடி 48,000 ரூபாயை 15% வட்டியில் 12 மாத ஈ.எம்.ஐ. ஆக்கினால் வட்டி மட்டுமே சுமார் 4,000 ரூபாய், அதற்குமேல் பிராசஸிங் ஃபீஸும் வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும். முதலில் நீங்கள் கட்டிப் பிறகு வாங்குகிற ரீஇம்பர்ஸ்மெண்ட் என்றால், அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டுத் திருப்பி வையுங்கள்.

வண்டியை எடுக்கும்போது சன்ரூஃபை மூடிவைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள் கூரைத் துணியின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்ல வேண்டும். பிறகு வரும் ஒழுகலுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது, பொருத்தியவர்தான் பொறுப்பு. அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார், உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பது இன்ஷூரன்ஸின் அடிப்படை. ஆனால் கம்பெனி தராத பகுதி ஒன்று இருக்கிறது. உங்கள் 2,750 ரூபாயும், என்.சி.பி. இழப்பும். அவர் தரும் 5,000 அதற்குள்தான் அடங்கும். வாங்கிக்கொள்ளலாம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று மட்டும் எதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பணம் தந்த பிறகு மரத்துக்காரரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்கு வருகிறது, அதை நீங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் உங்கள் க்ளெய்மிலேயே ஆட்சேபம் எழலாம். பணத்தைவிட, மரமேறியைக் கூப்பிட்டு முற்றின காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

க்ளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை.