உங்கள் எடைக்கு வளையும் பலகை: பார்க் பயிற்சிக்கு ஸ்னோபோர்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: இரண்டு பனிப்பருவங்களாக வாடகைப் பலகையில் ஸ்னோபோர்டு ஓட்டி வருகிறேன். இரண்டு விளிம்புகளிலும் திரும்பி, நடுத்தரச் சரிவுகளில் தடுமாறாமல் இறங்க வருகிறது. இனி பார்க் பகுதியில் (வித்தைகளுக்கென அமைத்த பனிச்சரிவில்) பாக்ஸ் (மேலே சறுக்கிச் செல்லும் அகலமான பெட்டி), ரெயில் (அதுபோன்ற இரும்புக் கம்பி), சிறிய ஜம்ப் ஆகியவற்றைப் பழகவும், ஆலி, பட்டர், 180 (அரைச் சுற்று) போன்ற வித்தைகளைக் கற்கவும் விரும்புகிறேன். என் எடை 68 கிலோ, உயரம் 172 செ.மீ., பூட் அளவு 27 செ.மீ. விற்பனையாளர் 158 செ.மீ. நீளமுள்ள, விறைப்பான, முழுக் கேம்பர் (நடுப்பகுதி உயர்ந்த) பலகை ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டியிருக்காது என்கிறார். நண்பர்களோ மிக மென்மையான ராக்கர் (முனைகள் உயர்ந்த) பலகைதான் கற்பவருக்கு ஏற்றது என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையுமே வாங்க வேண்டாம் என்று சொல்வேன். பார்க் பலகை வாங்கப் போகும்போது நீளம், விறைப்பு எண், கேம்பர் வகை, இடை அகலம் (பலகையின் நடுப்பகுதி அகலம்) எனப் பல விவரங்கள் ஒரே நேரத்தில் முன்னே வந்து குழப்பும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டே கேள்விகளில் அடங்கிவிடுகின்றன. உங்கள் உடல் எடையைக் கொண்டு இந்தப் பலகையை வளைக்க முடியுமா? வளைத்து விடும்போது அது போதிய விசையோடு நிமிர்ந்து உங்களைத் தூக்கிவிடுமா? விற்பனையாளர் காட்டும் பலகை முதல் கேள்வியில் தோற்கிறது. நண்பர்கள் சொல்லும் பலகை இரண்டாவதில் தோற்கிறது.

நீங்கள் கற்க விரும்பும் வித்தைகளையே எடுத்துக்கொள்வோம். பட்டர் செய்யும்போது இடுப்பை ஒரு காலின் மேல் நகர்த்தி, பலகையின் ஒரு முனையை அழுத்தி, மறுமுனையைப் பனியிலிருந்து தூக்கியபடியே சுழல்கிறோம். ஆலியில் எடையைப் பின்காலுக்கு மாற்றி, பலகையின் வாலை வில்லைப்போல வளைத்து, அது நிமிரும் விசையோடு சேர்ந்து எழுகிறோம். பலகை வளையாவிட்டால், கற்பவர் இடுப்பை நகர்த்துவதற்குப் பதிலாக மேலுடம்பை வீசி அதை வளைக்க முயல்வார். தோள்களை எறிந்து பட்டர் செய்யும் இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால், பின்னர் 360 (முழுச் சுற்று) கற்கும் நாள்வரை கூடவே வந்து தொல்லை கொடுக்கும். மறுபுறம், மிக மென்மையான பலகை சொன்னபடியெல்லாம் வளையும். ஆனால் ஜம்பிலிருந்து சற்றே பின்னால் சாய்ந்து இறங்கினாலும் வால் மடிந்து காலுக்கடியிலிருந்து நழுவிவிடும். பாக்ஸ் மட்டுமே பழகுபவருக்கு அது பெரிய குறையன்று. ஜம்பும் பழகப் போகும் உங்களுக்கு அது குறைதான்.

விறைப்பைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 1 முதல் 10 வரையிலான எண்ணாகக் குறிக்கிறார்கள். உங்களுக்கு 3 முதல் 5 வரை உள்ள பலகை பொருந்தும். நான் தேர்ந்தெடுப்பதானால் 4 என்பேன். ஆனால் இந்த எண்ணுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 4, இன்னொரு நிறுவனத்தின் 6 போல இருக்கக்கூடும் என்பதால், ஒரே நிறுவனத்தின் பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். மேலும், அந்த எண் பெரும்பாலும் நீளவாட்டில் உள்ள விறைப்பை மட்டுமே சொல்லும். பலகை முறுக்கப்படும்போது எவ்வளவு இணங்குகிறது என்பதைச் சொல்லாது. மரக்கட்டை மையத்தின் மேலும் கீழும் ஒட்டப்படும் கண்ணாடியிழை இரண்டு திசைகளில் பின்னப்பட்டிருந்தால் பலகை முறுக்குக்கு எளிதில் இணங்கும். மூன்று திசைகளில் பின்னப்பட்டிருந்தால் அது விறைத்து, வேகத்தில் உறுதியாக நிற்கும். இரண்டு கால்களையும் தனித்தனியே இயக்கிச் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்து கற்கும் கட்டத்தில் முன்னதே இதமானது. விவரப் பட்டியலில் பயாக்ஸ், ட்ரையாக்ஸ் என்று இவற்றைக் குறித்திருப்பார்கள்.

அடுத்தது பலகையின் பக்கவாட்டுத் தோற்றம். இதில்தான் வாங்குபவர்கள் அதிகம் குழம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேம்பர் பலகையைச் சமதளத்தில் வைத்தால், நடுப்பகுதி மெல்லிய பாலம்போல உயர்ந்து நிற்கும். நோஸுக்கும் (முன்முனை) டெயிலுக்கும் (வால்முனை) அருகிலுள்ள பகுதிகள் மட்டுமே தரையைத் தொடும். நீங்கள் ஏறி நின்றதும் அந்தப் பாலம் தட்டையாகி, எடை பலகையின் நீளம் முழுவதும், குறிப்பாக அந்த இரண்டு தொடு பகுதிகளுக்கும், பரவுகிறது. விளிம்பின் பிடிப்பும், ஆலியின் துள்ளலும், ஜம்ப் இறக்கத்தின் நிதானமும் இதிலிருந்தே வருகின்றன. ஆனால் அதே தொடு பகுதிகள்தான், பலகையைச் சற்றே கோணலாக வைத்துவிட்டால், பனியில் குத்தி உங்களைத் தரையில் அறைகின்றன. எட்ஜ் பிடித்துவிட்டது என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

ராக்கர் இதற்கு நேர்மாறு: நடுப்பகுதி தரையைத் தொட, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் லிப் டெக் நிறுவனத்தின் ஸ்கேட் பனானா போன்ற பலகைகள் வழியாக இந்த வடிவம் பார்க் பகுதிகளில் பரவியது. முனைகள் பனியைத் தொடாததால் எட்ஜ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது. பட்டரின்போது பலகை தானாகவே சுழல்வதுபோல் இருக்கும். ஆனால் கெட்டியான பனியில் பிடிப்பும், ஆலியில் துள்ளலும் குறைந்துவிடும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இவ்விரண்டும் கலந்த ஹைப்ரிட் வகை. அதிலும் கால்களுக்கு இடையிலும் கால்களுக்கு அடியிலும் கேம்பர், முனைகளில் மட்டும் ராக்கர் என்று அமைந்த பலகை. கேப்பிட்டா நிறுவனத்தின் டிஃபெண்டர்ஸ் ஆஃப் ஆசம் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நடுவில் உள்ள கேம்பர் துள்ளலைத் தரும். உயர்ந்த முனைகள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கால்களுக்கு இடையே ராக்கரும் அடியில் கேம்பரும் உள்ள எதிர்வகை ஹைப்ரிட்டும் கடைகளில் உண்டு. அது இன்னும் விளையாட்டுத்தனமானது, ஆனால் ஜம்பை நோக்கி நேராகச் செல்லும்போது லேசாக அலைவதுபோன்ற உணர்வைத் தரும். பட்டாலியன் நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது: பலகையைக் கேம்பராகவே வைத்துக்கொண்டு, நோஸிலும் டெயிலிலும் பக்க விளிம்புகளை மட்டும் மேலே தூக்கி அமைத்தது. அதன் ஈவில் ட்வின் பலகையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேம்பரின் துள்ளல் குறையாமலே எட்ஜ் பிடிக்கும் அச்சம் தணிவதை உணர்வீர்கள். பெயர்களை வகை புரிவதற்காகவே சொல்கிறேன். ஒரே பெயரில் வரும் பலகையின் அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், வாங்கும் ஆண்டின் விவரத்தைப் படித்தபின் முடிவு செய்யுங்கள்.

சர்வதேசப் போட்டிகளைப் பார்த்துவிட்டு, வீரர்கள் முழுக் கேம்பர்தானே ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒலிம்பிக்கில் 2014 சோச்சியில் ஸ்லோப்ஸ்டைலும் (ரெயில்களும் ஜம்புகளும் உள்ள சரிவில் வித்தை காட்டும் போட்டி), 2018 பியோங்சாங்கில் பிக் ஏரும் (ஒரே பெரிய ஜம்பில் வித்தை காட்டும் போட்டி) சேர்க்கப்பட்டன. அத்தகைய ஜம்புகளின் வேகத்திலும் உயரத்திலும், இறங்கும் கணத்தில் பலகை மடியாமல் இருப்பதே உயிரான தேவை. அந்த வீரர்கள் எடையை எங்கே வைக்க வேண்டும் என்பதை ஆயிரக்கணக்கான முறை செய்து பழகியவர்கள். உங்கள் முதல் ஜம்பின் தேவை அதுவன்று.

வடிவத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: ட்ரூ ட்வின் எடுங்கள். நோஸும் டெயிலும் நீளத்திலும் வளைவிலும் விறைப்பிலும் ஒன்றுபோலவே இருக்கும் பலகை அது. 180 செய்து இறங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஸ்விட்ச் நிலையில், அதாவது வழக்கமான முன்கால் பின்னே போன நிலையில், இறங்குகிறீர்கள். அப்போது பலகையும் மாறிப்போனதாக உணரக்கூடாது.

நீளத்துக்கு வருவோம். பலகையை நிமிர்த்தி வைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும் என்ற பழைய வழக்கை விட்டுவிடலாம். பனியில் பலகையை அழுத்துவது உயரமன்று, எடை. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் தயாரிப்பாளர் தரும் எடை அட்டவணையையே பாருங்கள். 68 கிலோ எடைக்குப் பார்க் பலகை 152 முதல் 154 செ.மீ. வரை இருந்தால் போதும். 158 என்பது உங்கள் எடைக்கு வேகமான, திறந்த சரிவுகளில் ஓட்டப் பொருத்தமான நீளம். நான்கைந்து செ.மீ.யில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று தோன்றலாம். சுழலும் பொருளின் ஒரு பகுதி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுழற்சிக்கான தடை கூடுகிறது. எனவே முனைகளில் கூடும் ஒவ்வொரு செ.மீ.யும், நடுவில் கூடும் எடையைவிடப் பன்மடங்கு அதிகமாக உங்கள் 180-ஐ மந்தப்படுத்தும்.

அகலத்தை உங்கள் பூட் முடிவு செய்யும். 27 அளவு பூட்டின் வெளி நீளம் பெரும்பாலும் 29 முதல் 30 செ.மீ. வரை வரும். அதைக் குறுக்கே 15 பாகை சாய்த்து வைத்தால், 25 செ.மீ. இடை அகலமுள்ள பலகையில் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 செ.மீ. வரை நீள்வது சரியான அளவு. அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்து திரும்பும்போது பூட் பனியில் உரசும். சிறிதும் நீளாவிட்டால் பலகையை விளிம்புக்கு விளிம்பு மாற்றுவது மந்தமாகும்.

அடிப்பரப்பு இரண்டு வகைப்படும். பிளாஸ்டிக்கை உருக்கிப் பிழிந்து செய்யும் எக்ஸ்ட்ரூடட் பேஸ் மலிவானது, பழுது பார்க்க எளிது, மெழுகு பூசாமல் சில நாள் விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். தூளை வெப்பத்தில் அழுத்திச் செய்யும் சின்டர்டு பேஸ் நுண்துளைகளில் மெழுகை உறிஞ்சி வேகமாக ஓடும். ஆனால் மெழுகு பூசத் தவறினால் அந்த வேகம் போய்விடும். ரெயிலின் இரும்பில் அடிப்பரப்பு கீறப்படப்போவது உறுதி என்பதால், கற்கும் ஆண்டுகளுக்கு எக்ஸ்ட்ரூடட் போதும் என்பது என் எண்ணம். ரெயிலில் மோதி விளிம்பு வெடித்தால் பெரும்பாலான உத்தரவாதங்கள் அதை ஈடுசெய்வதில்லை; அதனால் பலகைக்காகச் செலவிடும் தொகையை உங்கள் மனம் தாங்கும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பலகையை வைத்துக்கொண்டு ரெயிலில் ஏற அஞ்சுபவரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அச்சமே அவரைத் தயங்கவைத்து விழவும் வைக்கிறது.

பயன்படுத்திய பலகை வாங்குவதும் நல்ல முடிவுதான், சரியாகச் சோதித்தால். அடிப்பரப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எஃகு விளிம்பில் வெடிப்போ பிதுங்கலோ உள்ளதா என்று இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். நோஸிலும் டெயிலிலும் அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடாது. மரக்கட்டை தெரியும் அளவுக்கு ஆழமான குழி விளிம்பை ஒட்டி இருந்தால் வாங்காதீர்கள். ஈரம் உள்ளே போய்விடும். கேம்பர் உள்ளதாகச் சொல்லப்படும் பலகையைச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள்; நடுவில் இடைவெளி தெரியாவிட்டால் முந்தைய உரிமையாளரின் ஜம்புகளிலேயே அதன் உயிர் போய்விட்டது என்று பொருள்.

பூட்டைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கும், பூட்டும் பலகையின் குணத்தோடு ஒத்துப்போக வேண்டும். மென்மையான பலகையில் விறைப்பான பைண்டிங்கைப் பூட்டினால், கணுக்கால் அசைய இடமில்லாமல், கால் செய்யும் ஒவ்வொரு சிறு தவறும் அப்படியே விளிம்புக்குப் போய்விடும். பலகையின் நெகிழ்வை ஒட்டி மிதமான மென்மையுள்ள பைண்டிங் போதும். வாங்குமுன் திருகுத் துளைகளின் அமைப்பைக் கவனியுங்கள்: பர்ட்டன் பலகைகளில் துளைகளுக்குப் பதிலாக நீளவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும், அதற்குப் பொருந்தும் தட்டு உங்கள் பைண்டிங்கில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கால்களை இரு பக்கமும் 15 பாகை வெளிநோக்கித் திருப்பி, பலகையின் சரி நடுவில், தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான இடைவெளியில் பொருத்துங்கள். முழங்கால் வலித்தால் 12 பாகைக்குக் குறைக்கலாம்.

புதுப் பலகையை ரெயிலுக்கு எடுத்துச் செல்லுமுன், நோஸுக்கும் டெயிலுக்கும் அருகிலுள்ள தொடு பகுதிகளில் விளிம்பின் கூர்மையை உரசுகல்லால் சற்றே மழுக்குங்கள். உராய்ந்துபோன எஃகு திரும்ப வராது என்பதால், நான்கைந்து முறை மெல்ல இழுத்து, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மட்டும் மீண்டும் செய்யுங்கள். கால்களுக்கு அடியிலுள்ள விளிம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம்; கெட்டிப் பனியில் வேகத்தைக் கட்டுப்படுத்த உங்களுக்கு அது தேவை.

ஹெல்மெட்டை இதே செலவுக் கணக்கில் சேர்த்து வையுங்கள். ஐரோப்பிய ஈஎன் 1077 அல்லது அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2040 தரக்குறி அதில் இருக்க வேண்டும். மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். இந்தக் கட்டத்தில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு.

முதல் நாள் பார்க்குக்குள் போக வேண்டாம். மிகத் தட்டையான சரிவில், மெதுவாக நகர்ந்தபடி, இடுப்பைப் பின்காலின் மேல் கொண்டுபோய் நோஸைத் தூக்கிப் பாருங்கள். பலகை வளைந்து, இரண்டு மூன்று நொடிகள் அந்த நிலையிலேயே நிற்க முடிந்தால் உங்கள் தேர்வு சரி. பிறகு அதையே முன்காலிலும், அதன்பின் ஸ்விட்சிலும் செய்யுங்கள். மூன்று நான்கு நாள்களுக்குப் பின்னும் பலகை வளையவில்லையென்றால், அதை மாற்ற எண்ணுமுன் பைண்டிங்குகள் நடுவில் உள்ளனவா, அவற்றின் இடைவெளி குறுகியுள்ளதா என்று பாருங்கள். இடைவெளியை இரண்டு செ.மீ. அகலப்படுத்தினால் கால் முனைக்கு அருகே செல்லும். பல நேரங்களில் அந்த அளவிலேயே நோஸ் எழத் தொடங்கிவிடும்.