கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்த பிறகு கட்டணம் குறைந்தால், வித்தியாசம் கிடைக்குமா?

பல நேரம் கிடைக்கும். ஆனால் தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும். முன்பணம் மட்டும் கட்டியிருக்கும் காலம்தான் நமக்குச் சாதகம். மீதித் தொகைக்கான கெடு பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்பு வரும். அதற்குள் அதே வகை அறையின் விலை இறங்கினால், பல நிறுவனங்கள் புதிய விலைக்கு மாற்றித் தரும். கெடு தாண்டிவிட்டால், கொடுத்தாலும் பெரும்பாலும் கப்பலுக்குள் செலவழிக்கும் வரவுத் தொகையாகத்தான் தருவார்கள். அதில் மிச்சம் வைத்தால் பெரும்பாலும் பணமாகத் திரும்பாது.

சரி, விலை இறங்கியதும் உடனே மாற்றிவிடாதீர்கள். பழைய பதிவோடு வந்த வைஃபை, பானச் சலுகை எல்லாம் போய்விடலாம். அவற்றின் மதிப்பையும் கழித்துப் பாருங்கள். முன்பணம் திரும்பாத மலிவுக் கட்டணம் என்றால் மாற்றுவதற்கே தனிக் கட்டணம் இருக்கலாம். முகவர் வழியாகப் பதிந்திருந்தால் அவரிடமே கேளுங்கள்.