மொபைல் வேண்டாம், கம்பிச்சுருள் (காயில்) சுற்றுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இறுதியாண்டு மாணவி நான். மின்காந்தப் புலம் விழித்திரை செல்களை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஏஆர்பிஇ-19 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித விழித்திரைச் செல்கள்) இன்குபேட்டரில் வைத்து, பக்கத்தில் ஒரு மொபைலில் அழைப்பு போட்டு விட்டால் போதுமா?

பதில்: போதாது. இன்குபேட்டர் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே சிக்னல் குறையக் குறைய மொபைல் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், அலை சுவரில் பட்டுத் திரும்பும். செல்கள் இருக்கும் டிஷ்ஷுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? போதாக்குறைக்கு பேட்டரி சூடு வேறு.

இந்தச் சூடுதான் இத்துறையின் தீராத தலைவலி. ரேடியோ அலையிலிருந்து கிலோவுக்கு 2 வாட் உறிஞ்சப்பட்டு, வெப்பம் வெளியேறாமல் தங்கினால், அரை மணி நேரத்தில் மீடியம் (செல்கள் வளரும் திரவம்) ஏறக்குறைய 0.9 டிகிரி ஏறிவிடும். அப்புறம் நீங்கள் பார்ப்பது புலத்தின் வேலையா, சூட்டின் வேலையா? இதைச் சரியாகப் பிரிக்கும் கருவிகள் மாணவர் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் ரேடியோ அலையை விட்டுவிட்டு, வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு வந்துவிடுங்கள். விழித்திரைக்கு இது பொருத்தமான கேள்விதான்: மாறும் காந்தப்புலத்தில் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளி மினுங்குவதை 1896-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி தார்சோன்வால் எழுதிவைத்தார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில் ஜோடி (எதிரெதிரே வைத்த, ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச்சுருள்கள்) போதும். ஆரம் 10 செ.மீ., இடைவெளியும் அதே 10 செ.மீ. ஒவ்வொரு காயிலிலும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து 50 சுற்று. இரண்டு கம்பிகளிலும் 1 ஆம்பியர் ஒரே திசையில் ஓடினால் நடுவில் சுமார் 0.9 மில்லிடெஸ்லா கிடைக்கும். ஒரு கம்பியில் திசையை மாற்றினால் புலம் அடிபட்டுப்போகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். இதுதான் உங்கள் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் டிஷ். காயிலை அணைத்துவைத்த டிஷ் கன்ட்ரோல் ஆகாது. எந்த நாள் எந்த இணைப்பு என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. ஸ்விட்சை வேறொருவர் கையில் கொடுங்கள்.

இன்குபேட்டரின் ஃபேனும் ஹீட்டரும் தாமாகவே புலம் உண்டாக்கும், இடத்துக்கு இடம் மாறும். காஸ்மீட்டரால் முதலில் அதை அளந்துவிடுங்கள். புலம் செங்குத்தாகப் பாய்ந்தால் தூண்டப்படும் மின்புலம் டிஷ்ஷின் ஓரத்தில் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். செல்களை எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளக்க டிசிஎஃப்டிஏ சாயம் போடுவீர்களானால், அது வெளிச்சத்திலேயே ஒளிரத் தொடங்கும், இருட்டில் கையாளுங்கள். சாயம் வேலை செய்கிறது என்று காட்ட, ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த டிஷ் ஒன்று கூடவே இருக்கட்டும்.

ஆய்வுத் தலைப்பில் கவனம். ஏஆர்பிஇ-19 நிறமி எபிதீலிய செல், நரம்பு செல் அல்ல. நரம்பு செல் வேண்டுமென்று ஆர்ஜிசி-5 என்ற செல் வகையின் பக்கம் மட்டும் போகாதீர்கள்: எலியின் கேங்லியன் செல் (விழித்திரை நரம்பு செல்) என்று நம்பி ஆண்டுக்கணக்கில் வளர்த்தது, கடைசியில் சுண்டெலியின் 661டபிள்யூ ஒளியுணர் செல் என்று 2013-இல் தெரியவந்தது.