மெழுகுக் கோடு ஏன் கசிகிறது?

கேள்வி: வாட்மேன் 1 என்ற வகை வடிதாளில் மெழுகுக் கோடுகளால் திரவம் ஓடும் தடம் வரைந்து குளுக்கோஸ் சோதனைப் பட்டை செய்கிறோம். திரவம் கோட்டைத் தாண்டிக் கசிகிறது. நிறமும் ஓரத்தில் மட்டும் வளையமாகத் தேங்குகிறது. ஏன்?

பதில்: மெழுகு தாளின் அடிவரை இறங்கவில்லை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோடு முன்பக்கம் போலவே அழுத்தமாகத் தெரிய வேண்டும். 120 டிகிரி செல்சியஸ் ஹாட்பிளேட்டில் (சூடேற்றும் தட்டில்) 2 நிமிடம் வையுங்கள். தாள் தட்டோடு முழுதும் ஒட்டியிருப்பது முக்கியம். எங்காவது தூக்கி நின்றால் அங்கேதான் கசியும். உருகும் மெழுகு கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் அதிகம் பரவும். 0.3 மி.மீ. கோடு ஏறக்குறைய 0.8 மி.மீ. ஆகிவிடும். ஆகவே தடத்தை 2 மி.மீ.க்குக் குறையாமல் வரையுங்கள், குறுகினால் மெழுகால் அடைபட்டுப்போகும். சோப்புத்தன்மையுள்ள திரவமோ ஆல்கஹாலோ சரியான மெழுகுச் சுவரையும் கடந்துவிடும், அதையும் சோதியுங்கள்.

வளையத்துக்குக் காரணம் வேறு. ஓடிவரும் மாதிரி, காய்ந்த வினைப்பொருளை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே வினைப்பொருளை இப்படி வையுங்கள்: தடத்தின் முடிவிலுள்ள சோதனை வட்டத்தில் முதலில் 0.6 மோலார் பொட்டாசியம் அயோடைடும் (குளுக்கோஸ் இருந்தால் பழுப்பு நிறம் தரும் உப்பு) 0.3 மோலார் ட்ரெஹலோஸும் (ஒரு வகைச் சர்க்கரை) கலந்த கரைசலை வைத்து, காய்ந்தபின் நொதிக் கலவையை (குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், பெராக்ஸிடேஸ்) வையுங்கள். வட்டம் நனையும் அளவே போதும். அறை வெப்பத்திலேயே உலர்த்துங்கள், சூடு நொதியைக் கெடுக்கும். ட்ரெஹலோஸை விட்டுவிடாதீர்கள்: உலர்ந்த நொதியைக் காப்பது அதுதான். அயோடைடு வெளிச்சத்தில் தானாகவே பழுப்பாகும் என்பதால் இருட்டில் வையுங்கள். குளுக்கோஸ் இல்லாத ஒரு வட்டத்தையும் ஒவ்வொரு பட்டையிலும் ஒதுக்குங்கள். அது பழுப்பானால் அந்தப் பட்டையின் முடிவை நம்பக் கூடாது.