கடற்காற்றில் குளியலறை எக்ஸோஸ்ட் ஃபேன்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் மோட்டர் சுற்றுவதும் மின்விசிறி திருத்துவதும் என் தொழில். குளியலறை எக்ஸோஸ்ட் ஃபேன் பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருத்துவதற்கென்று கொண்டு வரப்படுகிற ஃபேன்களில் பல உண்மையில் பழுதானவையே அல்ல. உப்பும் தூசும் அடைத்து, மூச்சுவிட முடியாமல் நிற்பவை. அவற்றை நீங்களே வீட்டில் காப்பாற்றலாம். எதை நீங்கள் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்தால் போதும்.

கேள்வி (அலஸ்தோட்டம்): அண்ணா, அக்காவும் நானும் ஒரே மாதிரி ஃபேன் ஒரே நாளில் வாங்கினோம். வவுனியாவில் அவருடையது இன்னும் புதிது போல இருக்கிறது. என்னுடையது கறள் பிடித்து, கரகரவென்று சத்தம் போடுகிறது. எனக்குக் கிடைத்தது போலிப் பொருளா?

பதில்: போலியாக இருக்கத் தேவையில்லை தங்கச்சி. உங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காய்ந்து, உப்புத் துகளாகக் காற்றில் வருகின்றன. எக்ஸோஸ்ட் ஃபேனின் பின்பக்கம் எப்போதும் வெளியே பார்த்தபடி இருப்பதால் அவை அங்கே படிகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. நீங்கள் குளிக்காத நேரத்திலும் ஃபேனின் இரும்புப் பகுதி நனைந்தபடியே இருக்கும். அந்த ஈரத்தில் தூசும் ஒட்டிக்கொள்ளும். வவுனியாவில் தூசு மட்டும்தான். உங்களிடம் தூசும் உப்பும் சேர்ந்து பசையாகிவிடுகிறது.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். மெயினை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் மாதம் ஒருமுறை முன் வலையையும், கைக்கு எட்டினால், ஃபேன் நின்றதும் விழுந்து மூடும் வெளிப்பக்கத் தகடுகளையும் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். அடுத்த முறை வாங்கும்போது பிளாஸ்டிக் உடலும் பிளாஸ்டிக் இறக்கையும் உள்ளதை எடுங்கள். திருகாணிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிக்கொண்டால் கரையோர வீட்டுக்கு அதுவே நல்லது.

கேள்வி (பாலையூற்று): கழற்றிக் கழுவுவதை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் அண்ணா. சுவரில் பொருத்திய 6 அங்குல ஃபேன். எனக்குக் கரண்ட் வேலை எதுவும் தெரியாது.

பதில்: கரண்ட் வேலை தெரியாதவர்தான் இதைக் கவனமாகச் செய்வார், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் முதல் படியில் மட்டும் ஒரு துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபேனின் சுவிட்சை நிறுத்துவது போதாது. மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்சை, கரண்ட் வரும் லைன் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் சுவிட்ச் நிறுத்தியிருக்கும், ஃபேனும் நின்றிருக்கும், ஆனால் உள்ளே 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெயினை நிறுத்திய பிறகு, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, மெயின் பெட்டியில் 'போடாதே' என்று ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள். யாராவது வந்து 'கரண்ட் இல்லையே' என்று மேலே தட்டிவிடுவது நடக்கக்கூடிய விஷயம். தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஆடாத ஏணியில் ஏறுங்கள். கதிரைக்கு மேல் கதிரை வைக்க வேண்டாம்.

அப்புறம் முன் வலையைக் கழற்றுங்கள். சிலது திருகாணியில் இருக்கும், சிலது பக்கங்களை அழுத்தினால் வந்துவிடும். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது கைகொடுக்கும். இறக்கையையும் கழற்றி, வலையோடு சேர்த்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இறக்கையின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாவற்றையும் தேயுங்கள். விளிம்பில் ஒரு பக்கம் அழுக்கும் மறுபக்கம் சுத்தமுமாக விட்டால் எடை சமமில்லாமல் ஃபேன் அதிரும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

சுவரில் இருக்கும் மோட்டருக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. ஷவரைத் திருப்பிவிடுவது, ஸ்ப்ரே அடிப்பது எதுவும் வேண்டாம். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தட்டி, வீட்டில் வக்யூம் கிளீனர் இருந்தால் அதனால் உறிஞ்சுங்கள். மோட்டரின் உடலில் உள்ள காற்றுத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சுற்றியுள்ள சட்டத்தைப் பிழிந்த துணியால் துடையுங்கள். எல்லாம் முழுதாகக் காய்ந்த பிறகே பூட்டி, மெயினைப் போடுங்கள். பூட்டும்போது திருகாணிகளின் மரையில் கொஞ்சம் வாசலின் தடவினால் அடுத்த முறை கறள் பிடித்து உடையாமல் கழலும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இறக்கையைச் சுத்தமாக்குகிறேன் என்று வெளுப்புத் திரவத்தையும் டைல் கழுவும் அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறைக்குள், அதுவும் ஃபேன் கழற்றியிருக்கும் நேரத்தில், அது உயிருக்கே ஆபத்து. சவர்க்காரத் தண்ணீருக்கு மேல் எதுவும் தேவையில்லை.

கேள்வி (சாம்பல்தீவு): இறக்கையின் நடுவிலிருக்கும் நட் எவ்வளவு திருகியும் கழலவில்லை. இன்னும் இறுகுகிறது.

பதில்: எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள் தம்பி. பிளாஸ்டிக் இறக்கையுள்ள பல ஃபேன்களில் அந்த நட்டுக்கு இடது மரைதான் இருக்கும். கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். உலோக இறக்கை என்றால் நட்டுக்குப் பதில் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணி அச்சை அழுத்திக்கொண்டிருக்கும், அதைத் தளர்த்துங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம், அச்சு வளைந்துவிட்டால் பிறகு ஃபேனைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

கேள்வி (உப்புவெளி): சத்தம் வந்தால் தேங்காய் எண்ணெய் விடுகிறோம். இரண்டு வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு முன்பை விட மோசமாகிறது. ஏன்?

பதில்: சமையல் எண்ணெய் எதுவானாலும் சூட்டிலும் காற்றிலும் கெட்டுப் பிசினாகிவிடும். அந்தப் பிசினில் தூசு ஏறி, அச்சைத் தாங்கும் உலோக வளையமான புஷ் அச்சைப் பிடித்துக்கொள்ளும். நிறையப் பேர் அடிக்கிற கறள் ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது. அது பழைய எண்ணெயைக் கரைத்துக் கழுவிவிட்டு, தானும் சீக்கிரம் ஆவியாகிப் போகும். தையல் மெசின் எண்ணெயில் இரண்டு துளி, மோட்டரின் முன்னும் பின்னும் அச்சு நுழைகிற இடத்தில் விடுங்கள். அங்கே எண்ணெயைப் பிடித்து வைக்கும் கம்பளித் துண்டு ஒன்று புஷ்ஷைச் சுற்றி இருக்கும், அது நனைந்தால் போதும். மேலதிகமாக விட்டால் வழிந்து தூசைப் பிடிக்கும். புஷ்ஷுக்குப் பதில் இரு பக்கமும் மூடிய பேரிங் உள்ள ஃபேன் என்றால் எண்ணெய் உள்ளே போகாது. சத்தம் வந்தால் பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி (மூதூர்): சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது. குச்சியால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. அப்படியே பாவிக்கலாமா?

பதில்: பாவிக்கவே வேண்டாம். சுற்றாமல் நிற்கும் மோட்டருக்குள் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் அது சூடேறும். குச்சியோடு யாரும் எப்போதும் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். மெயினை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். சில சுற்றுகள் வழுக்கிக்கொண்டு போய் மெதுவாக நின்றால் மோட்டரின் உட்பக்கம் நன்றாக இருக்கிறது. மோட்டர் சுற்றத் தொடங்க உதவும் மின்தேக்கியான கப்பாசிட்டர் ஃபேனில் இருந்தால், அது பலவீனமாகியிருக்கும். கையை எடுத்தவுடனேயே நின்றுவிட்டால் புஷ் இறுகியிருக்கிறது, சுத்தமும் எண்ணெயும் தேவை. சிறிய பிளாஸ்டிக் ஃபேன்கள் பலவற்றில் கப்பாசிட்டரே கிடையாது, அவற்றில் தவறு பெரும்பாலும் புஷ்ஷில்தான். கப்பாசிட்டர் மாற்றுவதென்றால் அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபராட் எண்ணும் வோல்ட் எண்ணும் பார்த்து அதே அளவில் போட வேண்டும். பெரியதைப் போட்டால் வேகமாக ஓடும் என்று சொல்வார்கள், உண்மையில் மோட்டரின் கம்பிச் சுருள்தான் எரியும். மெயினை நிறுத்திய பிறகும் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதைத் திருத்துபவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி (உட்துறைமுக வீதி): நேற்றிரவு ஃபேனிலிருந்து கருகல் வாடை வந்தது. இப்போது ஓடவே இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, பயமாக இருக்கிறது.

பதில்: அக்கா, அந்தச் சுவிட்சை இனி யாரும் போட வேண்டாம். முடிந்தால் இன்றைக்கே ஒருவரைக் கூப்பிட்டு வயரைக் கழற்றிப் பாதுகாப்பாக மூடச் சொல்லுங்கள். ஃபேன் ஓடாமல் நின்றது ஒரு விதத்தில் நல்லது. பல ஃபேன்களில் மோட்டர் சுருளுக்குள் வெப்ப ஃபியூஸ் ஒன்று வைத்திருப்பார்கள். சூடு எல்லை கடந்தால் அது அறுந்து கரண்டை நிறுத்திவிடும். உங்கள் ஃபேனில் அது தன் வேலையைச் செய்திருக்கலாம்.

இங்கேதான் நான் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஃபியூஸைத் தாண்டி வயரை நேராக இணைத்து, 'திருத்தியாச்சு' என்று கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. ஃபேன் ஓடும். ஆனால் அடுத்த முறை இறுகி நின்றால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. பஞ்சு போன்ற தூசு அடைத்த மோட்டர் சூடேறினால் தீப்பிடிக்கும். குளியலறை ஃபேனால் வீடு எரிந்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. சுருள் கருகிய சிறிய ஃபேனைத் திருத்த வேண்டாம், புதிது போடுங்கள். மோட்டர் சுற்றிப் பிழைப்பவனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்தும் வீட்டு ட்ரிப் சுவிட்சில் 'டி' என்ற ஆங்கில எழுத்துள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் மேல் 30 மில்லி அம்பியர் என்று இருக்க வேண்டும்.

கேள்வி (சீனக்குடா): நானே கழற்றிப் பூட்டினேன். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் காற்றை இழுக்கவில்லை.

பதில்: டிஷ்யூத் தாள் ஒன்றை முன் வலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. விழுந்துவிட்டால் இறக்கையைப் புரட்டிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். புரட்டிப் போட்டால் காற்றின் திசை மாறாது, இழுவைதான் குறையும். தாள் அறைக்குள் உங்கள் பக்கம் தள்ளப்பட்டால் மோட்டரைத் திறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கப்பாசிட்டர் இல்லாத சிறு மோட்டரில் வயரை மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறாது. உள்ளே இருக்கும் சுழலியை எந்தப் பக்கமாக நுழைத்தீர்கள் என்பதுதான் திசையைத் தீர்மானிக்கும். திறந்து மறுபக்கமாகப் போடுங்கள்.

கேள்வி (கிண்ணியா): அஸ்ஸலாமு அலைக்கும் நானா. ஃபேன் நல்லா ஓடுது, புதுசுதான். ஆனா சீலிங் முழுக்கக் கறுப்பாப் பூஞ்சணம். என்ன செய்யலாம்?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

கதவின் கீழே விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கிறதா? உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் வெளியே தள்ள எதுவும் இல்லை. குளித்து முடித்தவுடனே நிறுத்திவிடுகிறீர்களா? இன்னும் 20 நிமிடம் ஓடட்டும். கரண்ட் பில்லைப் பற்றி யோசிக்க வேண்டாம், இந்தச் சிறு ஃபேன் இழுக்கும் கரண்ட் அற்பம்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். உங்களுடையது சீலிங்கில் பொருத்திய ஃபேன் என்று நினைக்கிறேன். அதிலிருந்து வெளியே குழாய் போகிறதா, அல்லது கூரைக்கும் சீலிங்கிற்கும் இடையில் காற்றை விட்டுவிட்டு நிற்கிறதா? அப்படி விட்டிருந்தால் ஈரம் வீட்டை விட்டுப் போகவே இல்லை, மேலே போய்த் தங்கிச் சீலிங்கை மேலிருந்து நனைக்கிறது. வெளிச்சுவர் வரை குழாய் போட்டாக வேண்டும், குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் துளைக்க வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கொடியது. சுவர் வழியாகவே கொண்டு போங்கள்.

அளவும் ஒரு கணக்கு. 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 8 கன மீட்டர். மணிக்கு 8 தடவை அந்தக் காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 64 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் எண் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும், குழாயின் வளைவுகள் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

கேள்வி (நிலாவெளி): எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்ற வேண்டும்? வெளித் தகடுகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. மழைக்கு அதன் வழியாகத் தண்ணீரும் வருகிறது.

பதில்: வருடத்துக்கு இரண்டு தடவை போதும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும், மாரி தொடங்கும் முன் ஒக்டோபரில் ஒருமுறை. அந்தக் காற்று கொண்டு வந்த தூசு முழுக்க அப்போது ஃபேனில் இருக்கும். வாடைக்காற்றும் மழையும் போன பிறகு பெப்ரவரியில் இன்னொருமுறை, அது உப்பைக் கழுவ.

மண்கூடு இருந்தால் தகடு முழுதாக மூடாது, அதனால்தான் தண்ணீர் வருகிறது. குளவி நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, மெயினை நிறுத்திவிட்டு, கூட்டை நனைத்து ஊறவைத்துச் சுரண்டுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் தகடு உடையும். தகடுகளின் கீல்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றும் தானாக விழுந்து மூடுகிறதா என்று பாருங்கள். அவற்றுக்கு எண்ணெய் விட வேண்டாம், தூசு பிடித்து மறுபடி இறுகும். உங்கள் சுவர் கடலைப் பார்த்திருந்தால் தகடு மட்டும் வாடைக்காற்றைத் தாங்காது. வெளியே கீழ்ப்பக்கம் மட்டும் திறந்த மூடி ஒன்று பொருத்துங்கள். பூச்சி வலை போடுவதானால் கண் பெரிதானதாகப் போடுங்கள். கொசு வலை போட்டால் ஒரு மாதத்தில் உப்பும் தூசும் அடைத்து, ஃபேன் காற்றில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.